டேங்க் மூடிச் சாவி

ஏழாவது புதன்கிழமையாக வண்டி நின்றபோது நர்ஸம்மாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்த தடுப்பூசிக் குளிர்பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மேலே மலைச் சுகாதார நிலையத்தில் பதினேழு கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பதினேழு தாய்மார் காத்திருப்பார்கள். பெட்டிக்குள் இருக்கும் ஐஸ் மத்தியானம் வரை தாங்கும். வண்டி தாங்குமா என்பதுதான் யாருக்கும் தெரியாத சங்கதி.

இறங்கி, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, மறுபடியும் நின்னுடுச்சு."

"என்ன பண்ணின?"

கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே நிற்கிறாய் என்று கேட்கவில்லை. பயமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. என்ன பண்ணின! இதற்கு முன் ஆறு தடவையும் இதே கேள்விதான், இதே குரல்தான்.

"ஓட்டினேன். வேற என்ன பண்ணுவாங்க வண்டியை?"

"கிளட்ச் மேலயே காலை வெச்சுக்கிட்டு ஓட்டியிருப்ப. மேட்டுல கியரைக் குறைக்காம இழுத்திருப்ப. சொன்னா கேக்குறியா நீ? சரி, ஒரு கால் மணி நேரம் சும்மா விடு. எதையும் தொடாத. அப்புறம் ஸ்டார்ட் பண்ணு."

கால் மணி நேரம் கழித்து வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. அதுவும் வழக்கம்தான். அதற்கப்புறமும் கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை நின்றது, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் போனது. அவள் மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினேழு பேரில் ஒன்பது பேர் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள். இரண்டு மணி நேரம் நடந்து வந்தவர்கள், வெறுங்கையோடு இரண்டு மணி நேரம் நடந்து போனார்கள்.

அன்று சாயங்காலம் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"ஆஸ்பத்திரி ஜீப் செத்துப் போனப்ப, என் சொந்த வண்டியில போறேன்னு நீதான் முன்னால வந்த. அதை நான் மறக்கல. ஆனா ஒன்பது புதன்கிழமையில ஏழு தடவை லேட். அடுத்த புதனும் இப்படி ஆச்சுன்னா மலை நிலையத்தை மூடிடுவேன். உன்னை மருந்து ஸ்டோருக்கு மாத்திடுவேன். வேற வழியில்லம்மா."

மருந்து ஸ்டோர் என்பது ஜன்னல் இல்லாத அறை. அட்டைப் பெட்டிகளை எண்ணி அடுக்கிவிட்டு, மறுநாள் வந்து மறுபடி எண்ண வேண்டும். நர்ஸம்மாவுக்கு வாரத்தில் ஆறு நாள் கடமை, புதன்கிழமை ஒன்றுதான் உயிர். மலையில் அவள் போட்ட ஊசியில் வளர்ந்த பிள்ளைகள் இப்போது அவளைக் கண்டதும் ஓடி ஒளிகிற வயசுக்கு வந்துவிட்டார்கள். அந்த ஓட்டத்தைப் பார்க்கவே அவள் போவாள். அதைப் பறித்துவிட்டு அட்டைப் பெட்டி எண்ணச் சொன்னால் வயிறு எரியாதா?

இப்போது வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு ஒரு அலுவலகத்தில் பழைய வரைபடங்களுக்கு நம்பர் போட்டு அலமாரியில் அடுக்குகிற வேலை. ஆனால் அவரைக் கேட்டால், தான் பிறவி இன்ஜினியர், சந்தர்ப்பம்தான் கிடைக்கவில்லை என்பார். தெருவில் அவருக்கு 'விஞ்ஞானி' என்று பட்டப்பெயர். கிண்டலுக்கு வைத்தது. அவருக்கு அது கிண்டல் என்று இன்றுவரை உறைக்கவில்லை. யாராவது அப்படிக் கூப்பிட்டால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்.

வண்டி பதினாறு வருஷத்து டீசல் வண்டி. ஏழு பேர் உட்காரலாம், ஒன்பது பேரைத் திணிக்கலாம். அதை ஒரு மெக்கானிக் தொட்டு எட்டு வருஷம் ஆகிறது. "மெக்கானிக் பசங்களுக்கு என்ன தெரியும்? பார்ட்டைக் கழட்டுவான், மாட்டுவான். ஏன் எதுக்குன்னு யோசிக்க மாட்டான்," என்பது விஞ்ஞானியின் தீர்ப்பு. ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினால் கோளாறை போனில் எழுத்தாகக் காட்டும் ஒரு ஸ்கேனர் வைத்திருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதை அவர் எடுக்கிற தோரணையைப் பார்க்கவேண்டுமே, இதய ஆபரேஷன் செய்கிற டாக்டர்கூட அத்தனை அலட்ட மாட்டார்.

ஸ்கேனர் ஏழு தடவையும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னது: இன்ஜினுக்கு டீசல் போதிய அழுத்தத்தில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அது சொல்லாது. அதை மனிதன் கண்டுபிடிக்க வேண்டும். விஞ்ஞானி ஃபில்டரை மாற்றினார். பிறகு ஒரு சென்சாரை மாற்றினார். இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும் மருந்து என்று ஏதோ ஒரு பாட்டிலை டேங்குக்குள் கவிழ்த்தார். டீசல் குழாய்களை இறுக்கினார், இறுக்கியதைத் தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். ஒவ்வொரு தடவையும் தெருவைச் சுற்றி இருபது நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "வெண்ணெய் மாதிரி ஓடுது. வண்டியில ஒண்ணும் இல்ல. ஓட்டுறதுலதான் இருக்கு," என்பார்.

ஓட்டுவது யார்? அவள்தான். ஆக, கோளாறு அவள்.

டீசல் போடுகிற வேலையும் அவளிடம் இல்லை. டேங்க் மூடிக்குப் பூட்டு. பூட்டுச் சாவி விஞ்ஞானியின் பெல்ட்டில் ஒரு சங்கிலியில் தொங்கும். குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றுவார். இதற்கு ஒரு கதை உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பங்கில் வேலை செய்தவன் ஞாபகப் பிசகாகப் பெட்ரோல் குழாயைத் தூக்க, நர்ஸம்மாதான் கத்தித் தடுத்தாள். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. ஆனால் அந்தக் கதை விஞ்ஞானியின் வாய்க்குள் போய், விருந்தாளிகள் முன்னால் வெளியே வரும்போது, "ஒரு நாள் இவ பெட்ரோலை ஊத்தப் பார்த்தா, நல்லவேளை!" என்று ஆகிவிட்டது. மறுவாரமே பூட்டு மூடி வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரே போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வருவார். "டேங்க் தளும்பத் தளும்ப இருக்கணும். அப்பதான் லைன்ல காத்து இழுக்காது." இது இன்னொரு கண்டுபிடிப்பு. போன மழையில் ஃபில்டரில் தண்ணீர் இருந்ததாம். அதற்கும் யாரும் யோசிக்காத ஒரு ஏற்பாடு செய்துவிட்டதாக இரண்டு நாள் வீட்டுக்குள் மார்தட்டிக்கொண்டு திரிந்தார். என்ன ஏற்பாடு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் முக்கால் மணி நேரம் போய்விடும்.

வியாழக்கிழமை சாயங்காலம் விஞ்ஞானியின் அண்ணன் வந்தார். அவளுக்கு மச்சாண்டார். எதற்கும் ஒரு முடிவு சொல்லாமல் எழுந்து போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"வித்துடுடா. புரோக்கரைத் திங்கட்கிழமை வரச் சொல்லுறேன். எதுக்கு இந்தத் தலைவலி?" என்றார் தம்பியிடம். அப்புறம் அவள் பக்கம் திரும்பி, "உனக்கும் எதுக்கும்மா இந்த மலையும் மண்ணாங்கட்டியும்? ஸ்டோர்ல ஃபேன் அடியில உக்காந்து வேலை பார்க்கலாம்ல?" என்றார்.

"எனக்கு மலைதான் வேணும் மாமா."

"அதான் வண்டி உன் கைக்கு அடங்க மாட்டேங்குதே."

விஞ்ஞானி பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். நர்ஸம்மா எதிரே இருந்த காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், அவற்றைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு, ஒரு நோட்டுத்தாளை எடுத்தாள்.

இருபத்திரண்டு வருஷ நர்ஸ் அவள். காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது என்று ஒருவர் வந்தால் ஊசியைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டாள். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டார் என்று கட்டம் போட்டு எழுதுவாள். வண்டிக்கும் கட்டம் போட்டாள். ஒன்பது புதன்கிழமைகள். எத்தனை மணிக்குக் கிளம்பினாள், எத்தனையாவது நிமிஷத்தில் நின்றது, மழையா வெயிலா, டீசல் எவ்வளவு. மலைக்குப் போகும்போது எல்லாவற்றையும் டியூட்டி டைரியில் குறித்துவைக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு.

நிற்காத புதன்கிழமைகள் இரண்டே இரண்டு. ஒன்றில் விஞ்ஞானி பயிற்சி வகுப்புக்காக வெளியூர் போயிருந்தார். இன்னொன்றில் பங்க் மூடியிருந்தது. இரண்டு தடவையும் டேங்க் பாதிகூட இல்லை. தளும்பத் தளும்ப நிரப்பிய ஏழு நாளும் வண்டி நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட நிமிஷத்தில் நின்றிருக்கிறது.

தாளை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "என்னங்க, இதைப் பாருங்க. டேங்க் நிறைஞ்சு இருக்கிற அன்னைக்குத்தான் வண்டி நிக்குது."

இருவரும் தாளை எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அண்ணனும் தம்பியும் சேர்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மச்சாண்டாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"டீசல் இல்லாம நின்ன வண்டியைப் பார்த்திருக்கேன்," என்றார் விஞ்ஞானி, மூச்சு வாங்கிக்கொண்டு. "டீசல் இருந்ததால நின்ன வண்டியை இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன். போம்மா, போய் ஊசி போடு."

அவளுக்குக் காது இரண்டும் சூடாகிப்போனது. தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை வார்டில் ஒரு பெரியவருக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கெட்டிப் பிளாஸ்டிக் பாட்டில். கொஞ்சம் ஏறியதும் சொட்டு நின்றுவிட்டது. புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி குழாயை நீவினாள், கையிலிருந்த ஊசியைச் சரிபார்த்தாள், பாட்டிலை இன்னும் உயரத்தில் மாட்டினாள். ஒன்றும் ஆகவில்லை.

"காத்து ஊசி குத்தினியா?" என்று கேட்டாள் நர்ஸம்மா.

புதியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மருந்து கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்கு மேலே காற்று வரவேண்டும். வரவில்லை என்றால் பாட்டில் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விடாது. இது முதல் வருஷப் பாடம். நர்ஸம்மா பாட்டிலின் ரப்பர் மூடியில் ஒரு தடித்த ஊசியைக் குத்தினாள். உள்ளே குமிழி குமிழியாகக் காற்று ஏறியது. சொட்டு விழ ஆரம்பித்தது.

ஊசியில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. நிறைந்த பாட்டில். மேலே காற்றுக்கு இடமே இல்லாத பாட்டில். அதுதான் சீக்கிரம் நிற்கும். பாதிப் பாட்டிலில் ஏற்கெனவே காற்று இருப்பதால் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். கால் மணி நேரம் சும்மா விட்டால் எங்கேயோ இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே போகும், மறுபடி ஓடும். அட கடவுளே! பதினோரு வருஷமாக அவள் கை படாத அந்த மூடி!

வீட்டுக்குப் போய் உடனே சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டாள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. முதலில் சிரிப்பார்கள். அப்புறம் அவள் அந்தப் பக்கம் போனதும் விஞ்ஞானி பூனை மாதிரி போய் மூடியைக் கழற்றிப் பார்ப்பார், சரிசெய்வார், ராத்திரி சாப்பாட்டில், "ஒருவழியா கண்டுபிடிச்சிட்டேன்," என்பார். கோளாறு மறுபடியும் அவள் பெயரிலேயே இருக்கும்.

அதனால் ஒன்று மட்டும் கேட்டாள். "விக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நீங்க மலை வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க. எப்படி ஓட்டணும்னு நானும் பார்த்துக்குறேன். டேங்கை நல்லா நிரப்பிக்குங்க."

விஞ்ஞானிக்கு அது போதுமே! உச்சி குளிர்ந்துவிட்டது. அண்ணனையும் கூப்பிட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் கிளம்பினார்கள். அவள் பின் சீட்டில், குளிர்பெட்டி உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். விஞ்ஞானி ஓட்டிக்கொண்டே வகுப்பெடுத்தார். "பாரு, கிளட்ச்ல காலே இல்ல. பாரு, மேடு வர்றதுக்கு முன்னாடியே கியர். இன்ஜின் என்ன சொல்லுதுன்னு காது குடுத்துக் கேக்கணும். அண்ணா, பார்த்தியா, எப்படி இழுக்குது!" மச்சாண்டார், "ஆமாடா, ஆமாடா," என்றார். நர்ஸம்மா மடியில் இருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பது. நாற்பத்தைந்து. நாற்பத்தெட்டாவது நிமிஷம் வண்டி ஒரு தடவை உதறியது. இன்னொரு தடவை உதறியது. நின்றது.

மச்சாண்டார்தான், பாவம், கள்ளங்கபடம் இல்லாமல் கேட்டார்:

"கிளட்ச்ல காலை வெச்சிருந்தியாடா?"

"இல்லண்ணா!"

"மேட்டுல கியரை..."

"அண்ணா, சும்மா இரு கொஞ்சம்!"

விஞ்ஞானி சாவியைத் திருகினார், திருகினார், திருகிக்கொண்டே இருந்தார். ஸ்கேனரைச் சொருகினார். அது தன் பழைய பல்லவியைப் பாடியது. மூணு பேர் பாரம் என்றார். வெயில் என்றார். பங்கில் கலப்படம் என்றார். நெற்றி வியர்வை மூக்கு நுனி வரை வந்துவிட்டது. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, காணாமல் போன எதையோ தேடுகிறவர் மாதிரி உள்ளே குனிந்து நின்றார்.

நர்ஸம்மா இறங்கி வந்தாள். "சாவி குடுங்க."

"சாவி வண்டியிலதான இருக்கு."

"அது இல்ல. டேங்க் மூடிச் சாவி."

"அது எதுக்கு உனக்கு? டேங்க் நிறைய டீசல் இருக்கு. மூடியில என்ன இருக்கு?"

"அதைத்தான் பார்க்கணும்."

"சின்னப்புள்ள மாதிரி பேசாத. நான் இங்க இன்ஜினைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்ல?"

"பார்த்துக்கிட்டேதான் இருக்கீங்க. ரெண்டு மாசமா."

மச்சாண்டாருக்கு வெயில் பொறுக்கவில்லை. "குடுத்துத் தொலையேன்டா! மூடியைத் திறந்தா குடியா முழுகிப்போகும்?"

விஞ்ஞானி சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றிய வேகத்தைப் பார்த்தால், சொத்தை எழுதிக் கொடுக்கிறாரோ என்று தோன்றும். அவள் வாங்கிப் பூட்டில் நுழைத்து மூடியைத் திருகினாள். பாதிகூடத் திருகவில்லை, டேங்க் 'உஸ்ஸ்ஸ்' என்று காற்றை உறிஞ்ச ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுகிற வரைக்கும் உறிஞ்சியது. முங்கிக் கிடந்தவன் தலையைத் தூக்கி மூச்சை இழுக்கிற சத்தம். மச்சாண்டார் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க மாமா."

மச்சாண்டார் உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டி உதறி, திக்கி, அப்புறம் ஒரே பிடியில் உறுமிக்கொண்டு ஓடியது.

நர்ஸம்மா மூடியைத் திருப்பிப் பார்த்தாள். காற்று போவதற்கென்று மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்த இடம் தெரிந்தது. அதன் மேல் பிசைந்து அப்பிய சாம்பல் நிறப் பசை, கல்லாக இறுகி, கட்டைவிரல் ரேகையோடு பளபளத்தது.

"இது யார் அடைச்சது?"

விஞ்ஞானி பானெட்டைச் சாத்தினார். மெதுவாகச் சாத்தினார்.

"உன்னைத்தான்டா கேக்குறா," என்றார் மச்சாண்டார்.

"அது... மழைத் தண்ணி உள்ள இறங்குதுன்னு... ஒரு பாதுகாப்புக்கு."

"எப்ப?"

எப்ப என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துப் பிரித்து பானெட்டின் மேல் வைத்தாள். முதல் கட்டம், முதல் புதன். மழை விட்ட மறுவாரம்.

விஞ்ஞானி தாளைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அப்புறம் அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "நான் ஆரம்பத்துலயே சொன்னேன்ல, டீசல் சப்ளையிலதான் பிரச்சனைன்னு."

நர்ஸம்மா அவருடைய டூல்ஸ் பெட்டியிலிருந்தே ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தப் பசையைப் பெயர்த்து எறிந்தாள். பையிலிருந்து ஒரு தடித்த ஊசியை எடுத்து, ஓட்டைக்குள் விட்டுச் சுற்றினாள். வாயை வைத்து ஊதிப் பார்த்தாள். காற்று போனது. மூடியைப் போட்டுப் பூட்டினாள்.

"ஏழு புதன்கிழமை நடுரோட்டுல நின்னேன்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஏழு தடவையும் போன்ல ஒண்ணுதான் கேட்டீங்க. இப்ப நான் கேக்குறேன். நீங்க என்ன பண்ணினீங்க?"

விஞ்ஞானி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பள்ளத்தாக்கைப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல் விஞ்ஞானி கையை நீட்டினார், சாவிக்காக. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் சாவியைத் தன் வீட்டுச் சாவிக் கொத்தில் கோத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"டீசல் போடணும்னா சொல்லுங்க, நான் வந்து திறக்குறேன்."

"நாளைக்கு அந்தப் புரோக்கர் வருவானேம்மா," என்றார் மச்சாண்டார், ஈனஸ்வரத்தில்.

"வரட்டும் மாமா. டீ குடிச்சிட்டுப் போகட்டும்."

மலை நிலையத்து ஆயாவுக்குப் போன் போட்டாள். "புதன்கிழமை வர்றேன். போன வாரம் திரும்பிப் போனவங்க ஒன்பது பேருக்கும் ஆள் அனுப்பிச் சொல்லிடு. ஆமா, நேரத்துக்கு வர்றேன்." வைத்துவிட்டு ஓட்டுநர் சீட்டுப் பக்கம் வந்து நின்றாள். மச்சாண்டார் மறுபேச்சில்லாமல் பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்துகொண்டார்.

விஞ்ஞானி வெளியே, கையில் ஸ்கேனரோடு நின்றுகொண்டிருந்தார்.

"பின்னால ஏறுங்க," என்றாள் நர்ஸம்மா. "பெட்டி வைக்கிற சீட்டுல உக்காந்து பெல்ட் போட்டுக்குங்க. எதையும் தொடாதீங்க."